ஆபரேஷனுக்குத் துணைக்குப் போகிறவர்களுக்கு

கோவளம், திருவிடந்தை, வடநெம்மேலி, நெம்மேலி, பட்டிபுலம், தேவனேரி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியிருக்கும் ஊர்களிலிருந்து, வாய்ப்புற்று ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்ட அப்பாவோடோ அண்ணனோடோ பெரியம்மாவோடோ ஆஸ்பத்திரியில் தங்கப்போகிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் தம்பி தங்கைகளுக்கும்,



நோயாளிக்கு எழுத வேண்டியதை உங்களுக்கு எழுதுகிறேன். அவர் பயந்து போயிருப்பார். வாய் வலியில் பேச்சும் குறைந்திருக்கும். டாக்டர் சொல்வதைக் கேட்பதும், சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைப்பதும், மருந்துக் கடைக்கு ஓடுவதும் நீங்கள்தான். கேஸ் ஷீட்டில் உங்கள் பெயர்கூடச் சரியாக இருக்காது. ‘அட்டெண்டர்’ என்று ஒரு வார்த்தை, பக்கத்தில் ஒரு செல் நம்பர், அவ்வளவுதான். தலை, கழுத்துப் புற்று வார்டில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது திருவிடந்தையில் குடியிருக்கிறேன். அந்த வார்டில் நான் பார்த்தவரை, ஆபரேஷன் தேதிக்கு முந்தைய நாட்களில் பாதி காரியம் அட்டெண்டர் கையில்தான் இருக்கிறது.

ஆபரேஷனுக்கு முன்னால் எழுதித் தரும் சீட்டில் வாய் கொப்பளிக்கும் மருந்து பெரும்பாலும் கடைசி வரியில் இருக்கும். கையில் இருக்கிற பணம் பத்தாதபோது முதலில் அடிபடுவதும் அந்த வரிதான். “மாத்திரை எல்லாம் குடுத்துடுண்ணா, இந்தக் கொப்புளிக்கிற தண்ணி மட்டும் வேணாம், வூட்ல உப்புத்தண்ணி போட்டுக்கிறோம்.” கடைக்காரரும் அந்த பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்துவிடுவார். அந்த பாட்டிலைப் பற்றித்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஆபரேஷனில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். “வாயிலதானே புண்ணு, கழுத்தை எதுக்கு அறுக்குறாங்க?” என்று கேட்காத அட்டெண்டர் இல்லை. நம் பக்கத்து வாய்ப்புற்று பெரும்பாலும் கன்னத்தின் உட்புறத்திலும் ஈறிலும் வருவது. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் வருஷக்கணக்கில் அடக்கி வைத்த இடத்திலேயே வரும். அது தாடையைத் தொட்டிருந்தால் எலும்பிலும் ஒரு பகுதி போகும். கழுத்தில் இருக்கும் நெறிகளையும் சேர்த்து எடுப்பார்கள். கழுத்தில் ஒன்றும் தட்டுப்படாத ஆரம்ப நிலைப் புற்றில்கூட இதைச் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியில் டாக்டர் அனில் டிக்ரூஸ் குழு இதை முறையாகச் சோதித்து 2015-ல் வெளியிட்டது. கழுத்தையும் அப்போதே சுத்தம் செய்தவர்களில் 80 சதவீதம் பேர் மூன்று ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். நெறி கட்டினால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களில் அது 67.5 சதவீதம். உலகம் முழுக்க சர்ஜன்கள் இன்று எடுத்துக்காட்டுகிற ஆராய்ச்சி அது, அதுவும் நம் நாட்டுப் பாக்கு வாய்களில் நடந்தது.

ஆக, வாயையும் கழுத்தையும் ஒரே நேரத்தில் திறக்கிறார்கள். இத்தனை நாள் இரண்டுக்கும் நடுவே இருந்த சதையும் தோலும் அந்த சில மணி நேரத்துக்கு இல்லை. நெஞ்சுத் தசையையோ தொடைச் சதையையோ காலெலும்பையோ கொண்டுவந்து அந்த ஓட்டையை அடைத்துத் தைக்கிறார்கள். அந்தத் தையலின் ஒரு பக்கம் எச்சில், மறுபக்கம் கழுத்தின் பெரிய ரத்தக் குழாய்கள். வயிற்றையோ முதுகையோ கிழிக்கும்போது தோலைத் தேய்த்துக் கழுவி, மருந்து பூசி, கிட்டத்தட்டக் கிருமி இல்லாமல் ஆக்கிவிடலாம். வாயை அப்படி ஆக்க யாராலும் முடியாது. நல்ல ஆரோக்கியமான வாயிலேயே நூற்றுக்கணக்கான வகை பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. புற்றுப் புண்ணும், ஆடுகிற பல்லும், காரையும், மூன்று மாதமாகப் பிரஷ் படாத ஈறும் சேர்ந்த வாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வார்டுக்குள் நுழைந்ததும் அடிக்கிற வாடையே சொல்லிவிடும்.

அந்த எச்சில் தையல் வழியாகக் கழுத்துக்குள் இறங்கினால் சீழ் வைக்கும். தையல் பிரியும். சில பேருக்குக் கழுத்தில் ஒரு துளை விழுந்து, விழுங்கும்போதெல்லாம் எச்சில் வெளியே கசியும். டாக்டர்கள் இதை ‘ஃபிஸ்டுலா’ என்பார்கள். அப்புறம் மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு, தினமும் டிரெஸ்ஸிங், வாரக்கணக்கில் படுக்கை. நீங்கள் வேலைக்குப் போக முடியாது, வலையை யாரிடம் விட்டுவிட்டு வந்தீர்களோ அவரிடமே அது கிடக்கும். பணக் கஷ்டத்தைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் முற்றிய வாய்ப்புற்றுக்கு ஆபரேஷனோடு வைத்தியம் முடிவதில்லை. கரண்ட் வைப்பது என்று நம் பக்கம் சொல்கிற கதிர்வீச்சு வேண்டும். அதை ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பது பொதுவான விதி. புண் ஆறாமல் கதிர்வீச்சு கொடுக்க மாட்டார்கள். புண் பத்து வாரம் இழுத்தால், மிச்சம் மீதி இருக்கிற புற்று அணுக்களுக்கு அது விருந்து. சீழ் என்பது வெறும் சீழ் இல்லை என்று நான் வார்டில் கத்தியதெல்லாம் இதற்காகத்தான்.

சீழைத் தடுக்க மூன்று காவல் உண்டு. பெரிய காவல் ஆன்டிபயாட்டிக் ஊசி. செஃபசோலினும் மெட்ரோனிடசோலும் சேர்த்து, இல்லாவிட்டால் அதற்குச் சமமான ஒன்றை, முதல் கீறலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் போடுவார்கள். ஆபரேஷன் நீண்டால் நடுவில் மறுபடி போடுவார்கள். அதற்கப்புறம் பெரும்பாலும் ஒரு நாளோடு நிறுத்திவிடுவார்கள். “ஊசி நிறுத்திட்டாங்க, வசதி இல்லாதவங்கன்னா இப்படித்தான்” என்று சண்டைக்கு வந்த அட்டெண்டர்களைப் பார்த்திருக்கிறேன். நாள் கணக்கில் போட்டால் கூடுதல் பலன் இல்லை; மருந்துக்கு அடங்காத கிருமியும் வயிற்றுப்போக்கும்தான் மிஞ்சும். அந்த ஊசி விஷயத்தை ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும். மற்ற இரண்டும், அதாவது பல் சுத்தமும் வாய் கொப்பளிப்பதும், உங்கள் தலையில்தான்.

1683-ல் ஹாலந்தில் லேவன்ஹூக் என்ற துணி வியாபாரி தன் பல்லில் ஒட்டிய வெள்ளை மாவைச் சுரண்டி, தானே தேய்த்துச் செய்த லென்ஸில் பார்த்தார். சின்னச் சின்ன உயிர்கள் ஓடின. வாய்க் கிருமியை மனிதன் கண்ணால் பார்த்து எழுதிவைத்தது அப்போதுதான். அதோடு விடாமல் வினிகரால் வாய் கொப்பளித்துவிட்டு மறுபடி சுரண்டிப் பார்த்தார். உள்ளே இருந்தவை உயிரோடுதான் இருந்தன. வினிகர் அந்த மாவின் மேல்பரப்பில் இருந்ததைத்தான் கொன்றது, உள்ளே இறங்கவில்லை என்று லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். முந்நூற்று நாற்பது வருஷம் ஆகியும் அவர் சொன்னதில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

படகு அடியில் பிடித்திருக்கும் பாசியையும் சிப்பியையும் தண்ணீர் ஊற்றிக் கழுவி யாராவது போக்குகிறோமா? கரையேற்றிச் சுரண்டுகிறோம். பல்லுக்கும் அதேதான். ஆபரேஷனுக்கு முன்னால் பல் டாக்டரிடம் போய் காரையைச் சுரண்டி எடுக்க, ஸ்கேலிங் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு கொப்பளிக்கிற மருந்துக்குத்தான் வேலை செய்ய இடம் கிடைக்கும். காரையை வைத்துக்கொண்டு மருந்தைக் கொப்பளித்தால் சில மணி நேரம் கிருமி எண்ணிக்கை குறையும், அப்புறம் பழையபடி ஏறிவிடும். “ஸ்கேலிங் பண்ணா பல்லு ஆடும்” என்கிறார்கள். ஏற்கெனவே ஆடுகிற பல்லைக் காரைதான் பிடித்து வைத்திருந்தது. காரை போனதும் ஆட்டம் தெரிகிறது.

பல் டாக்டரிடம் போகும்போது பயாப்ஸி ரிப்போர்ட்டையும் சர்ஜன் எழுதின சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். புற்று இருக்கிற இடத்தில் ஆடுகிற பல்லை, சர்ஜனைக் கேட்காமல் யாரும் பிடுங்கக் கூடாது. பிடுங்கின குழிக்குள் புற்று வளர்ந்துகொண்டு போகும். புற்று இல்லாத பக்கத்தில் இருக்கிற சொத்தைப் பல்லின் கதை வேறு. கதிர்வீச்சு கொடுத்த தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் செத்துப்போகலாம். அதனால் போக வேண்டிய பல் எல்லாம் கதிர்வீச்சுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பாகவே போய், குழி ஆறியிருக்க வேண்டும். ஆபரேஷனின்போதே மயக்கத்தில் எடுத்துவிடவும் செய்வார்கள். எது எப்போது என்று சர்ஜனும் பல் டாக்டரும் பேசிக்கொள்ள வேண்டும். அவர்களைப் பேச வைக்கிற ஆளும் நீங்கள்தான், ஏனென்றால் இரண்டு பேர் கட்டடமும் வேறு வேறு இடத்தில் இருக்கும். செங்கல்பட்டு ஜிஎச், காஞ்சிபுரம் காரப்பேட்டை, அடையாறு, எங்கே காட்டினாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வாருங்கள்: “பல்லுக்கு யாரைப் பாக்கணும்?”

சரி, பாட்டிலுக்கு வருவோம். இரண்டு மருந்துகளில் ஒன்றைத்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். ஒன்று குளோர்ஹெக்சிடின். இங்கிலாந்தில் 1950-களில் வந்த மருந்து. 1970-ல் டென்மார்க்கில் லோ, ஷியட் என்ற இருவர், பல்லே துலக்காமல் இருந்த மாணவர்களைக் காலை மாலை இதன் 0.2 சதவீதக் கரைசல் 10 மில்லியால் கொப்பளிக்க வைத்தார்கள். பல்லில் மாவு படியவில்லை. இன்றைக்கும் கடையில் பெரும்பாலும் கிடைப்பது அதே 0.2 சதவீதம்தான். மற்றொன்று போவிடோன் அயோடின், நாம் பீட்டாடைன் என்கிற பழுப்பு மருந்து. அதில் கொப்பளிப்பதற்கென்றே 2 சதவீதத்தில் தனி பாட்டில் வருகிறது.

குளோர்ஹெக்சிடினை மூடியில் 10 மில்லி அளந்து, தண்ணீர் கலக்காமல், முப்பது விநாடியிலிருந்து ஒரு நிமிஷம் வரை வாயில் சுழற்றித் துப்ப வேண்டும். விழுங்கக் கூடாது. அதற்கப்புறம் அரை மணி நேரம் தண்ணீர் குடிப்பதோ வாய் கழுவுவதோ கூடாது. கசப்புக்குப் பயந்து உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் காசு தண்டம். அந்த மருந்து பல்லிலும் ஈறிலும் ஒட்டிக்கொண்டு மெதுவாக வேலை செய்வது. பேஸ்ட் வைத்துத் துலக்கின கையோடு கொப்பளித்தாலும் பயனில்லை. பேஸ்ட்டில் இருக்கும் நுரைப் பொருள் இந்த மருந்தை முடக்கிவிடும். துலக்கி அரை மணி கழித்துக் கொப்பளியுங்கள். சில நாளில் பல் பழுப்பாகும், நாக்கு ருசி மாறும். “மருந்து பல்லைக் கெடுத்துடுச்சு” என்று நிறுத்திவிடாதீர்கள், பிறகு சுரண்டினால் அந்தப் பழுப்பு போய்விடும். யாருக்காவது மூச்சு முட்டினாலோ தடிப்பு கிளம்பினாலோ மட்டும் நிறுத்திவிட்டு உடனே ஓடுங்கள். அது அபூர்வமாக வருகிற ஒவ்வாமை.

பீட்டாடைன் எழுதியிருந்தால் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். புண்ணுக்குப் போடுகிற பீட்டாடைன் பாட்டிலும் கொப்பளிக்கிற பாட்டிலும் பார்க்க ஒரே ஜாடை. புண்ணுக்கானது 5, 10 சதவீதம். அதை வாயில் ஊற்றக் கூடாது. வீட்டில் பழைய பாட்டில் இருக்கிறதே என்று அதில் தண்ணீர் கலந்து கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். லேபிளில் ‘கார்கிள்’ என்று போட்டிருக்கிறதா என்று கடைக்காரரிடம் படிக்கச் சொல்லி வாங்குங்கள். சம அளவு தண்ணீர் கலக்கச் சொல்வார்கள், பாட்டிலில் போட்டிருக்கிறபடி செய்யுங்கள். தைராய்டு கோளாறு இருந்தாலோ அயோடின் ஒத்துக்கொள்ளாது என்றாலோ முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். டெட்டால், சாவ்லான் பக்கம் போகவே வேண்டாம். டிவியில் வருகிற, நுனிநாக்கு எரிகிற ஸ்பிரிட் கலந்த மவுத்வாஷும் வேண்டாம், புண்ணில் பட்டால் ஆளே துள்ளுவார்.

உப்புத்தண்ணீர் தப்பா என்று கேட்பீர்கள். தப்பில்லை. புண்ணுக்கு இதம், சளியைக் கரைக்கும், சாப்பிட்டதும் கொப்பளிக்க நல்லது. மருந்துக்கு மாற்றாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே உங்களிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். கொப்பளித்தால் வாயில் கிருமி குறையும் என்பது சந்தேகமில்லாமல் தெரிந்தது. ஆனால் கொப்பளித்தது ஒன்றினாலேயே ஆபரேஷன் புண்ணில் சீழ் வைப்பது இத்தனை குறையும் என்று அடித்துச் சொல்லும் பெரிய ஆராய்ச்சி வரவில்லை. நடந்தவை சின்னச் சின்ன ஆராய்ச்சிகள், முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. ஐசியுவில் வென்டிலேட்டரில் கிடப்பவர்களுக்கு நாள்கணக்கில் குளோர்ஹெக்சிடின் தடவுவது நல்லதுதானா என்றே டாக்டர்களிடையே வாக்குவாதம் நடந்திருக்கிறது. அதனால், பாட்டில் வாங்கிவிட்டோம், இனி சீழ் வராது என்று நினைக்க வேண்டாம். பல் டாக்டர், சுரண்டல், பிரஷ், கொப்பளிப்பு எல்லாம் சேர்ந்ததாக ‘வாய் பராமரிப்பு’ என்று எடுத்துக்கொண்டால் சான்று இன்னும் கனமாகிறது. அதைச் செய்தவர்களுக்குப் புண் சீழும் நிமோனியாவும் குறைந்ததாக ஜப்பானியர்கள் பல ஆராய்ச்சிகளில் காட்டியிருக்கிறார்கள். காட்டியதோடு நிற்கவில்லை. புற்றுநோய் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் பல் டாக்டர் வாயைப் பார்ப்பதற்கு 2012 முதல் அங்கே அரசு காப்பீட்டிலேயே கட்டணம் வைத்துவிட்டார்கள். இங்கே முதல்வர் காப்பீட்டு அட்டையோடு ஆபரேஷனுக்கு வருகிறவர் கையிலும் அப்படி ஒரு பல் சீட்டைத் தானாகவே கொடுத்துவிட வேண்டும் என்பது என் ஆசை. கிராம சபையில் மனு கொடுக்கிறவர்கள் இதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். தெருவிளக்குக்குக் கொடுக்கிற அதே தாளில் இடம் இருக்கும்.

வாயே திறக்காதவர்களுக்கு என்ன செய்வது? ஹான்ஸ் புகையிலையும் பாக்கும் போட்ட பல பேருக்குக் கன்னம் உள்ளே நார் மாதிரி இறுகிப்போயிருக்கும், இரண்டு விரல்கூட நுழையாது. பிரஷ் போகாது, அவர்களும் விட்டுவிடுவார்கள். சின்னக் குழந்தைகளுக்கான பிரஷ் வாங்குங்கள். ஊசியைக் கழற்றின புது சிரிஞ்சில் மருந்தை எடுத்து, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாகப் பீய்ச்சுங்கள். ஆளை உட்கார வைத்து, தலையை முன்பக்கம் கவிழ்த்துச் செய்ய வேண்டும், படுக்க வைத்துச் செய்தால் புரையேறி நுரையீரலுக்குப் போகும். ஒரு கையில் சிரிஞ்ச், ஒரு கையில் துப்புகிற கிண்ணம். கொஞ்சம் ரத்தம் கலந்துதான் வரும், முகத்தைச் சுளிக்காதீர்கள், அவர் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பல்செட் இருந்தால் ராத்திரி கழற்றித் தேய்த்துக் கழுவித் தண்ணீரில் போட வேண்டும். பல்செட்டைக் கழற்றாமல் மாதக்கணக்கில் இருக்கிற பெரியவர்கள் நம் ஊரில் ஏராளம்.

ஆபரேஷன் நாள் காலையில் நடக்கிற குழப்பம் ஒன்று உண்டு. “வாயில ஒண்ணும் படக்கூடாது” என்று ராத்திரியே சொல்லியிருப்பார்கள். சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று அர்த்தம். அதைக் கேட்டுவிட்டுப் பல் துலக்காமல், கொப்பளிக்காமல் ஆளைத் தியேட்டருக்கு அனுப்பிவிடுகிறார்கள். எந்தக் காலையில் வாய் சுத்தமாக இருக்க வேண்டுமோ அந்தக் காலையில். டியூட்டி சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு துலக்கலாம், கொப்பளிக்கலாம். விழுங்கக் கூடாது, அவ்வளவுதான்.

நல்லபடியாக இருக்கட்டும் என்று முதல் நாள் ராத்திரி சலூனில் தாடியை மழித்துவிட்டுக் கூட்டிவராதீர்கள். பிளேடு போன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கீறல், அதில் கிருமி. முடி எடுக்க வேண்டுமென்றால் மெஷினால் எடுக்க வேண்டும், பிளேடு கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சொல்லிவிட்டது. தேவை என்றால் ஆஸ்பத்திரியில் எடுப்பார்கள். மொட்டை வேண்டுதல் இருந்தால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. சர்க்கரை இருக்கிறவர்களுக்கு அதைக் கட்டுக்குள் கொண்டுவராமல் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. முழுங்க முடியாமல் எலும்பும் தோலுமாக இருந்தால் கஞ்சியில் முட்டை, பால், மீன் அரைத்து ஊற்றி உடம்பைத் தேற்ற வேண்டும், சாப்பாடே இறங்கவில்லை என்றால் மூக்குக் குழாய் போடச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது நம் ஊர் விஷயம். திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயிலுக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். மாலை வாங்கிப் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று சுற்றி, கல்யாணமான பின் காய்ந்த மாலையோடு ஜோடியாகத் திரும்பி வருகிறார்கள். வெற்றிலைப் பாக்கு இல்லாத தட்டு இங்கே கிடையாது. தாம்பூலத்தை நான் குறை சொல்ல வரவில்லை, என் கல்யாணத்திலும் மாற்றிக்கொண்டதுதான். ஆனால் ஆபரேஷனுக்கு நாள் குறித்தவரும் “புகையிலையை வுட்டுட்டேன் சிஸ்டர், வெத்தலைப் பாக்கு மட்டும்தான்” என்று வாயை அசைபோட்டபடி வந்து நிற்பார். பாக்கு மட்டுமே போட்டாலும், புகையிலை இல்லாவிட்டாலும், அது புற்று வரவழைக்கும் பொருள்தான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வகைப்படுத்திவிட்டது. புகையிலை கலந்த குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013-ல் தமிழ்நாட்டில் தடை வந்தது. வெறும் பாக்குக்கு எந்தத் தடையும் கிடையாது. பெட்டிக்கடையில் ஹான்ஸ் எந்த டப்பாவுக்குள் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

வெற்றிலைப் பாக்கால் புற்று வரும் என்பது புதுச் செய்தியும் கிடையாது. கன்னியாகுமரிப் பக்கம் நெய்யூரில் மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது. எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் டாக்டர் வேலை பார்த்த இடம். அங்கே இருந்த ஆர் என்ற டாக்டர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப்புற்றைப் பற்றி 1933-லேயே ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதினார். தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஆபரேஷனுக்கு நாலு வாரம் முன்னால் புகையை நிறுத்தினால் சிக்கல்கள் குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. புற்று ஆபரேஷனுக்கு நாலு வாரம் காத்திருக்க மாட்டார்கள், காத்திருக்கவும் கூடாது. அதனால் தேதி கிடைத்த அன்றே பீடி, சிகரெட், ஹான்ஸ், பாக்கு எல்லாம் வீட்டைவிட்டுப் போக வேண்டும். புகை ரத்தக் குழாயைச் சுருக்கும். நெஞ்சிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய சதைக்கு ரத்தம் போகவில்லை என்றால் அது கறுத்துப்போகும். வார்டு பாத்ரூமில் ஒளிந்து பீடி பிடிக்க வாங்கிக் கொடுப்பதும் சில அட்டெண்டர்கள்தான். யாரைச் சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். “பாவம், கடைசியா ஒண்ணு கேட்டாரு” என்பார்கள்.

ஆபரேஷன் முடிந்த பிறகு கதை மாறிவிடும். முதல் சில நாள் அவரைக் கொப்பளிக்கச் சொல்லாதீர்கள். உள்ளே தையல் இருக்கும், வேகமாகச் சுழற்றினால் பிரியும். சிஸ்டர் உறிஞ்சுகுழாய் வைத்து மெதுவாகக் கழுவுவார். எப்போது முதல் நீங்கள் செய்யலாம் என்று சர்ஜன் சொன்ன பிறகு, மருந்தை வாயில் விட்டுத் தலையைச் சாய்த்து வழியவிட்டால் போதும், கொடகொடவென்று சுழற்ற வேண்டாம். மீதி இருந்த பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதையே கேட்பார்கள்.

நீங்கள் கண் வைக்க வேண்டியது கழுத்தில். கழுத்து சிவந்து வீங்கி, தொட்டால் சுடுகிறதா? மூன்றாம் நாள், நாலாம் நாள், ஐந்தாம் நாள் காய்ச்சல் ஏறுகிறதா? கழுத்திலிருந்து ரத்தநீர் வடிகிற டிரெயின் பாட்டிலில் சிவப்பாக இறங்கியது கலங்கலாக, நுரையோடு, வாடையோடு வருகிறதா? எச்சில் முழுங்கும்போதெல்லாம் கழுத்துக் கட்டு நனைகிறதா? ரவுண்ட்ஸுக்கு வருகிறவர்கள் சில நிமிஷம்தான் நிற்பார்கள்; ராத்திரி முழுக்கக் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருக்கும் உங்களுக்குத்தான் இது முதலில் தெரியும். மணி இரண்டானாலும் போய் டியூட்டி சிஸ்டரைக் கூப்பிடுங்கள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று வேண்டாம். அவர் எரிந்து விழுந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், நானும் அப்படி எரிந்து விழுந்தவள்தான், ஆனால் எழுந்து வந்து பார்த்தோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ்,
திருவிடந்தை